ஒரு டிக் அடையாளத்தின் பயணம்

பிரவுசரின் செட்டிங்ஸில் ‘ஜாவாஸ்கிரிப்டை இயக்கு’ என்று ஒரு வரி இருந்தது. அதன் பக்கத்தில் சின்னக் கட்டம், கட்டத்துக்குள் ஒரு டிக். அந்த டிக்கை எடுத்துவிட்டால் இணையப் பக்கங்கள் எழுத்தும் படமுமாக மட்டும் வரும். அவற்றோடு சேர்ந்து வரும் நிரல்கள் நம் கணினியில் ஓடாது. முன்பின் அறியாத ஒருவர் எழுதிய நிரல் நம் கணினியில் ஓடலாமா என்ற கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல, தொழில்நுட்பம் தெரியாதவர்களுக்கும் எட்டும் இடத்தில் இருந்த வழி அது.

1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஒரு நிரல்மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். மோக்கா, லைவ்ஸ்கிரிப்ட் என்று பெயர் மாறி, டிசம்பரில் அது ஜாவாஸ்கிரிப்ட் ஆனது. படிவத்தை அனுப்புவதற்கு முன் விடுபட்ட இடங்களைச் சரிபார்ப்பது போன்ற சில்லறை வேலைகளுக்காகவே அதை அதிகம் பயன்படுத்தினார்கள். நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 அதைச் சுமந்து வந்தபோது அணைக்கும் வழி எதுவும் தரப்படவில்லை. பக்கத்தைத் திறந்ததுமே நமக்குத் தெரியாமல் நம் மின்னஞ்சல் முகவரியை அனுப்பிவிடும் நிரலை எழுத முடியும் என்று சீக்கிரமே தெரிந்தது. அணைக்கும் வழி அதற்குப் பிறகுதான் சேர்க்கப்பட்டது.

அடுத்த சில ஆண்டுகள் அந்தக் கட்டத்துக்குப் பெருமை சேர்த்தவை. 1997 ஜூலையில் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினிப் பாதுகாப்புக்காக இருந்த செர்ட் மையம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஒரு பக்கத்தில் வந்த நிரல், நாம் அதைவிட்டு வேறு தளங்களுக்குப் போன பின்னும் நம்மைத் தொடர்ந்து கண்காணிக்க முடியும் என்று பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வினோத் அனுபம் கண்டுபிடித்திருந்தார். திருத்தம் வரும்வரை ஜாவாஸ்கிரிப்டை அணைத்து வையுங்கள் என்பது செர்ட் சொன்ன வழி. 2000 பிப்ரவரியில் அதே மையம், நாம் நம்பும் தளத்தின் பக்கத்துக்குள்ளேயே வேறொருவர் தன் நிரலை நுழைத்துவிட முடியும் என்று எச்சரித்தபோதும் அணைப்பதையே அதிகக் காப்பு தரும் வழியாகச் சொன்னது. அன்று அணைப்பதால் பெரிய இழப்பு இல்லை. பெரும்பாலான பக்கங்கள் படிப்பதற்காகவே இருந்தன.

நிலைமை மாறியது 2004, 2005-ல். ஜிமெயிலும் கூகுள் மேப்ஸும் வந்தன. பக்கம் முழுவதையும் மீண்டும் வரவழைக்காமல், தேவையான துண்டை மட்டும் நிரலே போய் வாங்கிவரும் முறைக்கு 2005-ல் ஏஜாக்ஸ் என்று பெயரும் கிடைத்தது. பல தளங்களில் நிரல்தான் பக்கம் என்றானது. டிக்கை எடுத்தால் அங்கே வெள்ளைத் திரைதான் மிஞ்சும்.

அதே 2005-ல் இத்தாலியரான ஜார்ஜியோ மாவோனே ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்காக நோஸ்கிரிப்ட் என்ற நீட்சியை வெளியிட்டார். எல்லாவற்றையும் விட்டுவிடு அல்லது எல்லாவற்றையும் நிறுத்து என்ற ஒற்றைக் கட்டம், தளத்துக்குத் தளம் தனித்தனி அனுமதியாக விரிந்தது. நாம் ஒப்புக்கொள்ளும்வரை எந்த நிரலும் ஓடாது. அதைவிட முக்கியமாக, ஒரு பக்கம் எங்கிருந்தெல்லாம் நிரல்களை இழுத்து வருகிறது என்ற பட்டியலை அது கண்முன் வைத்தது. ஒரு செய்தித்தாளின் தளத்தைத் திறந்தால் அந்தச் செய்தித்தாளின் பெயரோடு விளம்பர நிறுவனங்கள், கணக்கெடுப்பு நிறுவனங்கள், சமூக ஊடகங்கள் என்று நாம் அழைக்காத பலரின் பெயர்கள் வரிசையாக நிற்கும்.

அவர்களுக்கு அங்கே என்ன வேலை? தளங்கள் நம் கணினியில் வைக்கும் சிறு கோப்பான குக்கியை அழித்துவிட்டால் தடம் அழிந்துவிடும் என்றுதான் நம்மில் பலர் நம்பியிருந்தோம். 2010-ல் இணைய உரிமைகளுக்கான இஎஃப்எஃப் அமைப்பின் பீட்டர் எக்கர்ஸ்லி அந்த நம்பிக்கையைத் தகர்த்தார். பயனர்கள் தாமாக முன்வந்து சோதனைக்கு உட்படுத்திய 4,70,161 பிரவுசர்களில் 83.6 சதவீதம் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாதவை. நிறுவியிருக்கும் எழுத்துருக்கள், செருகுநிரல்கள், திரையின் அளவு, நேர மண்டலம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தாலே பிரவுசரை அடையாளம் காண முடிந்தது. இவற்றில் பெரும்பகுதியைக் கேட்டு வாங்கித் தருவது ஜாவாஸ்கிரிப்ட். 2012-ல் கீட்டன் மவரி, ஹோவாவ் ஷாக்கம் ஆகிய ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வரியை வரையச் சொல்லி, வரைந்ததைப் புள்ளி புள்ளியாகத் திருப்பி வாசித்தால் கணினிக்குக் கணினி நுண்ணிய வேறுபாடு இருக்கும். கிராஃபிக்ஸ் சில்லும் அதன் மென்பொருளும் எழுத்துருவும் சேர்ந்து விடும் ரேகை அது. எந்தக் கோப்பும் நம் கணினியில் வைக்கப்படுவதில்லை என்பதால் அழிப்பதற்கும் ஒன்றுமில்லை. டிக் இல்லாத பிரவுசரில் மட்டும் அந்த வரி வரையப்படுவதே இல்லை.

இத்தனையும் தெரிந்த பிறகு வந்தது 2013. அந்த ஆண்டு மார்ச்சில், ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவில் அதன் வடிவமைப்பில் பணியாற்றிய அலெக்ஸ் லிமி, தெரியாமல் தொட்டால் இணையமே உடைந்துபோகும் கட்டங்களை செட்டிங்ஸில் வைத்திருக்கக் கூடாது என்று எழுதினார். தன்னையறியாமல் டிக்கை எடுத்துவிட்டுப் பிரவுசர் பழுது என்று தவிக்கும் ஒருவரை நினைத்தால், லிமியின் அக்கறையில் நியாயம் இருக்கிறது. ஆகஸ்ட் 6 அன்று வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 23-ல் அந்தக் கட்டம் இல்லை. வழி முற்றிலும் அடைபடவில்லை. ‘அபவுட் கான்ஃபிக்’ என்ற உள்ளறைக்குப் போனது. விவரம் தெரிந்தவர்கள் மட்டும் நுழையும் அறை அது.

அதே வாரத்தில்தான் வேறொரு செய்தியும் வந்தது. பயனரின் அடையாளத்தை மறைக்கும் டோர் வலையமைப்பில் மறைவாக இயங்கிய பல தளங்களின் பக்கங்களில் ஜாவாஸ்கிரிப்ட் வழியாகத் தாக்கும் நிரல் கண்டுபிடிக்கப்பட்டது. டோர் பிரவுசரின் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியே புகுந்து, விண்டோஸ் கணினியின் பெயரையும் வன்பொருள் முகவரியையும் உண்மையான ஐபி முகவரியோடு வெளியே அனுப்பியது அது. பின்னால் இருந்தது எஃப்பிஐ. குழந்தைகளைச் சீரழிக்கும் தளங்கள்தாம் இலக்கு என்பதால் பலருக்கு வருத்தமில்லை. ஆனால் அதே சர்வர்களில் இருந்த மின்னஞ்சல் சேவையின் பயனர்களும் வலையில் விழுந்தார்கள். நிரல் ஓடாத பிரவுசரில் அந்தத் தாக்குதல் தொடங்கியே இருக்காது.

பிறகு, அணைத்தவர்களுக்குக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. 2018-ல் கூகுள் கணக்கில் நுழைய ஜாவாஸ்கிரிப்ட் கட்டாயமானது. அதை அணைத்து வைத்திருப்பவர்கள் 0.1 சதவீதமே என்றது நிறுவனம். 2024-ல் நிரல் இல்லாமல் இயங்கிய ஜிமெயிலின் எளிய எச்டிஎம்எல் வடிவம் விடைபெற்றது. 2025 தொடக்கத்தில் கூகுள் தேடலும் நிரல் ஓடினால்தான் என்றானது.

மறுப்பவர்கள் குறையக் குறைய மறுப்பதே ஓர் அடையாளமாகிவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்டை அணைத்தவர் என்ற ஒரு தகவலே ஆயிரத்தில் ஒருவராக ஆளைச் சுருக்கிக் காட்டும். ஐபி முகவரியையோ பிரவுசர் தானே அனுப்பும் குறிப்புகளையோ அந்த டிக் மறைப்பதுமில்லை. இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டது டோர் பிரவுசர். நோஸ்கிரிப்டை உள்ளேயே வைத்துக்கொண்டு, பாதுகாப்பை மூன்று படிகளாக்கியிருக்கிறது. முதல் படியில் நிரல்கள் ஓடும். இரண்டாவதில் குறியாக்கம் இல்லாத தளங்களில் ஓடாது. மூன்றாவதில் எங்குமே ஓடாது. ஒரே படியில் இருப்பவர்கள் ஒருவரைப்போல் ஒருவர் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். அந்தரங்கம் இங்கே தனி ஆளின் சாமர்த்தியத்தில் இல்லை, கூட்டத்தில் இருக்கிறது.

அதனால்தான் பொறுப்பில் பெரும்பங்கு தளம் கட்டுபவர்களுடையது என்கிறேன். பத்திரிகையாளர்களுக்கு ரகசிய ஆவணம் தருபவர்களுக்கான செக்யூர்டிராப், நிரல் இல்லாமலே இயங்கும்படி கட்டப்பட்டது. உயிருக்கு அஞ்சி வருபவரிடம் டிக்கை வைக்கச் சொல்லக்கூடாது என்பது அதைக் கட்டியவர்களுக்குத் தெரியும். பிரிட்டன் அரசின் தளத்தை நடத்துபவர்கள் 2013-ல் அளந்து பார்த்தபோது, வந்தவர்களில் 1.1 சதவீதத்தினருக்கு ஜாவாஸ்கிரிப்ட் ஓடவில்லை. அவர்களில் பெரும்பாலோர் அணைத்தவர்கள் அல்லர். ஏதோ ஒரு காரணத்தால் நிரல் ஓடாமல் போனவர்கள். நிரல் இல்லாமலும் படிக்க முடிகிற பக்கம் சிக்னல் குறைந்த ஊரில் இருப்பவருக்கும் பழைய போன் வைத்திருப்பவருக்கும் சேர்த்தே உதவுகிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளையும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களையும் இன்றும் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் படிக்கலாம்.

அந்த வழி இன்னும் அடைபடவில்லை. குரோமில் தளத்துக்கான செட்டிங்ஸில் அது இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் நீட்சி வழியே தளத்துக்குத் தளம் அணைக்கலாம். படிப்பதற்காக மட்டும் போகும் தளங்களில் அணைத்துவிட்டு, வங்கிக்கும் டிக்கெட் முன்பதிவுக்கும் தேவையான இடத்தில் மட்டும் அனுமதிப்பது யாருக்கும் கைவரக்கூடிய பழக்கம். ஆயிரத்தில் ஒருவர் நூறில் ஒருவரானால், அவர்களை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பத் தளங்கள் யோசிக்கும்.