கடலூரும் கம்பெனிகளும்

கம்பெனி என்னும் சொல்லின் பொருளை முற்படக் கற்ற ஊர்களுள் நமது கடலூரும் ஒன்றாம். 1690ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சி மகாராஷ்டிரரிடம் விலைக்கு வாங்கிய ஞான்று, பீரங்கிக் குண்டு சென்று விழுந்த எல்லையளவும் தமதென்று கொண்டனர். குடிகளைக் கேட்டா சுட்டார்கள்?

சீமைத் துணியை விலக்குக என்ற ஒத்துழையாமை இயக்கத்தில் 1921ஆம் ஆண்டு இறங்கி, வீடும் நிலமும் விற்றுச் செலவிட்ட அஞ்சலையம்மாள் கடலூர் முதுநகரிற் பிறந்தவரே. துணியைக் கடையிலேயே மறுத்துவிடலாம். மூச்சுக் காற்றை எங்ஙனம் மறுப்பது? 1980களில் சிதம்பரம் செல்லும் சாலையோரம் எழுந்த சிப்காட் இரசாயன ஆலைகள் பல, தம் சரக்கைப் பிற ஆலைகளுக்கே விற்பன. இல்லறத்தார் வாங்காதிருத்தலால் அவற்றுக்கு நட்டமொன்றுமில்லை.

ஆதலின் குடிகாடு, ஈச்சங்காடு முதலிய ஊரார் வேறு வழி கண்டனர். 2004ஆம் ஆண்டில் அவருட் சிலர் கண்காணிப்புக் குழுவாய்க் கூடி, எந்நாள், எந்நேரம், எத்திசைக் காற்றில் என்ன நாற்றம் வந்ததென்று ஏட்டிற் பதிந்தனர். அழுகிய முட்டை போல்வது ஒன்று. அழுகிய கோசு போல்வது ஒன்று. நகச்சாயம் போல்வது மற்றொன்று. படிப்பாளிகளின் கருவி வருமளவும் காத்திராமல் தம் நாசியையே கருவியாக்கினர். பின்னர்ப் பிளாஸ்டிக் வாளிக்குள் பையிட்டுக் காற்றைப் பிடித்து அமெரிக்கச் சோதனைச்சாலைக்கு அனுப்புவித்தனர். 22 நச்சுப் பொருள்கள் வெளிப்பட்டன. அவற்றுள் 8 புற்றுநோய் விளைப்பன.

2007ஆம் ஆண்டில் நாகபுரித் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தாரும், இவ்வூரார்க்குப் புற்றுநோய் வரும் அபாயம் குறைந்தது 2,000 மடங்கு மிகுதியென்று எழுதினர். அவ்வாராய்ச்சியைச் செய்வித்தது மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே.