பெயர் ஒழுங்கும் பிணைப்பு நிரலும்: ‘மாயாவி’ சொல்லும் வரலாறு

இந்திய மென்பொருள் வரலாறு பெரும்பாலும் சேவை நிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆய்வுக்கூடங்களில் பிறந்த கருவிகளுக்கு அதில் இடம் குறைவு. அத்தகைய கருவிகளுள் ஒன்று ‘மாயாவி’. மும்பையின் பவாயில், மும்பை ஐஐடியின் வான்வெளிப் பொறியியல் துறையில் பேராசிரியராக உள்ள பிரபு ராமச்சந்திரன், சென்னை ஐஐடியில் முனைவர் பட்ட ஆய்வாளராக இருந்தபோது இதைத் தொடங்கினார். பாய்ம இயக்கக் கணிப்புகளை முப்பரிமாணப் படங்களாகக் காட்டும் இக்கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரை 2001-இல் வெளிவந்தது.

மாயாவி பைத்தானில் எழுதப்பட்டது. அது சார்ந்துள்ள விடிகே நூலகமோ, 1993-இல் ஒரு பாடநூலின் துணையாகத் தொடங்கப்பட்டு, சி பிளஸ் பிளஸ் மொழியில் அமைந்தது. ஒரு மொழியின் செயற்கூறை மற்றொன்றிலிருந்து அழைக்க, தரவை இருபுறமும் உருமாற்றித் தரும் பிணைப்பு நிரல் வேண்டும். நூற்றுக்கணக்கான இனக்குழுக்களுக்கு அதைக் கையால் எழுதுவதும், நூலகம் மாறுந்தோறும் திருத்துவதும் நடைமுறைக்கு ஒவ்வாதவை. ஆகவே விடிகே, தன் தலைப்புக் கோப்புகளைப் படித்துப் பிணைப்பு நிரலைத் தானே எழுதும் நிரலைக் கொண்டிருந்தது. 1995-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் டேவிட் பீஸ்லி தொடங்கிய ‘ஸ்விக்’ கருவியும் இதே வழியில் சென்றது.

ஆயினும் தலைப்புக் கோப்பு எல்லாவற்றையும் சொல்வதில்லை. ஒரு பொருளின் எல்லைகளைத் தரும் செயற்கூறு எண்வரிசையின் நினைவக முகவரியைத் தருகிறது. அவ்வரிசையில் ஆறு எண்கள் உள்ளன என்பது அறிவிப்பில் இல்லை. இத்தகைய விவரங்களை மனிதர்கள் தொகுத்த குறிப்புக் கோப்பு ஒன்று நிரப்பியது.

மாயாவிக்கு அடித்தளமான டிவிடிகே இன்னும் ஒரு படி சென்றது. விடிகேயின் பைத்தான் இனக்குழுக்களை ஆராய்ந்து, ‘செட்’, ‘கெட்’ என்று தொடங்கும் இணைகளையும் ‘ஆன்’, ‘ஆஃப்’ என்று முடியும் இணைகளையும் கண்டறிந்து, அவற்றைப் பைத்தானுக்கு இயல்பான பண்புகளாக மாற்றும் நிரலைத் தானே உருவாக்கியது. விடிகேயை எழுதியோர் பெயரிடலில் காத்த ஒழுங்கே இதற்கு முதல். அவ்வொழுங்கு குலைந்திருந்தால் இயந்திரத்திற்குப் பற்றுக்கோடு இல்லை.

எனவே ‘தானியங்கி உருவாக்கம்’ என்னும் சொல் பாதி உண்மையையே சொல்கிறது. இயந்திரம் எழுதிய வரிகளை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம். அவற்றைச் சாத்தியமாக்கிய பெயர் விதிகளும் கைக்குறிப்புகளும் தொலைந்தால் மீளா. கணினி வரலாற்றுக்கு ஆவணம் சேர்ப்போர் முதலில் காக்க வேண்டியவை அவையே.