எத்தனை வாத்தியம் போதும்?

நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில் கொடியேறும் நாட்களில் பக்கீர்மார் றபான் தட்டிப் பைத் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அங்கே இருப்பவை இரண்டே ஒலிகள்: தோலின் ஒலியும் தொண்டையின் ஒலியும். களிகம்பிலும் அண்ணாவியாரின் பாட்டு, அதை ஏற்றுப் பாடும் குழு, கம்புகள் மோதும் தாளம் என்பவற்றுக்கு மேல் எதுவுமில்லை. எத்தனை வாத்தியம் சேர்ப்பது என்ற கேள்வி ஒலிப்பதிவோடு வந்த கேள்வியாகும்.

மின்முறை ஒலிப்பதிவு 1925இல் வரும்வரை பாடகர் ஒரு புனலின் முன் நின்று பாடினார். சத்தம் கூடிய வாத்தியங்கள் பின்னே தள்ளி வைக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் கொழும்பிலும் வானொலி ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. அதன் பின்னரும் நெடுங்காலம் எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் பாடியும் வாசித்துமே பதிவு செய்தனர். ஒருவர் பிழைவிட்டால் பாட்டு முழுவதையும் மீண்டும் எடுக்க வேண்டும். எனவே வாத்தியங்கள் தேவைக்கு மேல் கூடவில்லை.

நாகூர் ஈ.எம். ஹனிபாவின் (1919–2015) பாடல்களை நோன்பு காலங்களில் வானொலியில் கேட்டோருக்கு ஒன்று விளங்கும். அவர் பாடத் தொடங்கியதும் வாத்தியங்கள் அடங்கிப்போகும். அடி முடிந்ததும் அந்த இடைவெளியை நிரப்பும். வாத்தியங்கள் அங்கே குரலின் மேல் ஏறி அமர்வதில்லை. முறை வைத்துப் பேசுகின்றன.

பின்னர் வாத்தியங்களைத் தனித்தனித் தடங்களில் பதியும் முறை வளர்ந்தது. அமெரிக்கக் கிற்றார் கலைஞர் லெஸ் போல் 1957இல் எட்டுத் தடக் கருவியைப் பெற்றார். பீட்டில்ஸ் குழுவினர் 1967இல் வெளியிட்ட 'சார்ஜன்ட் பெப்பர்' இசைத்தட்டு நான்கு தடக் கருவிகளிலேயே பதியப்பட்டது. இடம் போதாதபோது பல தடங்களைக் கலந்து ஒன்றாக்குவர். கலந்ததை மீண்டும் பிரிக்க இயலாது என்பதால் ஒவ்வொன்றையும் யோசித்தே சேர்த்தனர். கணினி வந்தபின் தடங்களுக்குக் கணக்கில்லை, யோசனையும் குறைந்தது.

அதற்கு நானும் விலக்கல்ல. 2003இல், ஆசிரியர் கலாசாலையை விட்டு வெளியேறிய புதிதில், எங்களூர்க் களிகம்பு அண்ணாவியார் ஒருவரின் பாடல்களைப் பதிவு செய்தோம். அவருடைய குரலும் தாளமும் மட்டும் எனக்கு வெறுமையாகப் பட்டன. "இன்னும் கொஞ்சம் நிரப்புங்க தம்பி" என்று கீபோர்ட் வாசித்த இளைஞரிடம் சொன்னவன் நானே. வயலின் கூட்டம், புல்லாங்குழல், மின் தாளம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. அண்ணாவியார் ஒன்றும் சொல்லவில்லை. சில ஆண்டுகளில் அவர் மௌத்தானார். அந்த இறுவட்டைத் தவிர அவருடைய பாட்டு வேறெங்கும் இல்லை. அதில் பல அடிகள் விளங்கவில்லை.

"வாப்பாட சத்தத்த மட்டும் பிரிச்செடுக்க ஏலாதா சேர்?" என்று அவருடைய மகள் கேட்டபோது எனக்குத் தலை குனிந்தது.

காரணம் எளிது. பேச்சின் தெளிவு பெரும்பாலும் 1000 முதல் 4000 ஹேட்ஸ் வரையான மீடிறன்களில் தங்கியிருக்கிறது. வயலினும் குழலும் கீபோர்ட்டும் அதே இடத்துக்குத்தான் வருகின்றன. சத்தத்தைக் கூட்டினால் குரலோடு அவையும் சேர்ந்தே கூடும். பழைய கசெட் ஒன்றில் பியானோவோடு கலந்திருந்த ஜோன் லெனனின் குரலைக் கணினி பிரித்தெடுக்க, 2023இல் ஒரு பீட்டில்ஸ் பாடல் வெளிவந்தது. அத்தகைய மென்பொருள் ஒன்றில் நாமும் முயன்றோம். குரல் வந்தது, சொற்களின் முனைகள் தேய்ந்திருந்தன. மகள் நினைவிலிருந்து சொல்லச் சொல்லச் சில அடிகளை எழுதிக்கொண்டேன்.

கடந்த ஆண்டு பாடசாலை மாணவரின் களிகம்புப் பாட்டைப் பதிந்தபோது ஒரு முறையைக் கைக்கொண்டோம். முதலில் குரலை மட்டும் தனித் தடமாகப் பதிந்து பாதுகாத்தோம். பிறகு ஒவ்வொரு வாத்தியமாகச் சேர்த்து, அதை நிறுத்திவிட்டும் கேட்டோம். நிறுத்தியதை யாரும் கவனிக்கவில்லையென்றால் அது வேண்டாம். இறுதியில் றபானும் கம்பும் ஏற்றுப் பாடும் குரல்களுமே எஞ்சின. முன்பாட்டைப் பாடியவன் அண்ணாவியாரின் பேரன். அவனுடைய உம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, ஒரு சொல்லையும் திரும்பக் கேட்கவில்லை.