காலவரிசையும் வாசிப்பு வரிசையும்: அமெரிக்க வீட்டுவழிக் கல்வியில் ஒரு சிக்கல்

அமெரிக்காவில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோரிடையே, உயர்நிலைப் பள்ளிப் பருவத்துக்கான ஒரு திட்டம் செல்வாக்குடன் விளங்குகிறது. ஒன்பதாம் வகுப்பில் பண்டைக்காலம், பத்தாம் வகுப்பில் இடைக்காலம், பதினொன்றில் மறுமலர்ச்சிக்குப் பிந்திய காலம், பன்னிரண்டில் நவீன காலம். எந்தக் காலத்து வரலாறோ அந்தக் காலத்து இலக்கியம். ஜெஸ்ஸி வைஸும் அவருடைய மகள் சூசன் வைஸ் பாயரும் 1999-இல் வெளியிட்ட ‘தி வெல்-டிரெய்ண்ட் மைண்ட்’ என்ற நூல் இத்திட்டத்தைப் பரவலாக்கியது. முதல் வகுப்பு தொடங்கிப் பன்னிரண்டுக்குள் இந்த நான்காண்டுச் சுழற்சி மூன்று முறை வந்துவிடும். வரலாற்றைத் தொடர்ச்சியின்றித் துண்டுதுண்டாகக் கற்பதோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றம். ஆனால் வரலாற்றுக்குப் பொருந்தும் இவ்வரிசை இலக்கியத்துக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் சிக்கல், ஒரு படைப்பின் காலம் எது என்பதில் இருக்கிறது. கதை நடக்கும் காலமா, எழுதப்பட்ட காலமா? திட்டம் வகுக்கும் பெற்றோர் பலர், கதை நடக்கும் காலத்தையே பிடித்துக்கொள்கிறார்கள். ரோமானிய வரலாறு வரும்போது ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’, பிரெஞ்சுப் புரட்சி வரும்போது டிக்கன்ஸின் ‘எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’. முன்னது 1599-ஐ ஒட்டி, வாரிசில்லாத முதிய அரசி ஆண்ட இங்கிலாந்தில் மேடையேறியது. பின்னது 1859-இல் வந்தது. புரட்சி வெடித்து எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டுமே தத்தம் காலத்தின் அச்சங்களைப் பேசுகின்றன.

ஆர்தர் மில்லரின் ‘தி குரூசிபிள்’ நாடகத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இதன் விளைவு விளங்கும். 1692-இல் மாசசூசெட்ஸின் சேலத்தில் சூனியக் குற்றச்சாட்டின் பேரில் பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டார்கள். நாடகத்தில் அபிகெய்ல் வில்லியம்ஸ் பதினேழு வயதுப் பெண். ஜான் புரோக்டர் முப்பதுகளில் இருக்கும் விவசாயி. இருவருக்கும் இடையே இருந்த கள்ள உறவுதான் கதையை நகர்த்துகிறது. உண்மையில் அபிகெய்லுக்கு அப்போது பதினொன்றோ பன்னிரண்டோதான் வயது. புரோக்டர் அறுபதை எட்டியவர். அந்த உறவு மில்லரின் கற்பனை. பெண்ணின் வயதைக் கூட்டியதை அவரே நாடகத்தின் முன்குறிப்பில் சொல்லிவிடுகிறார். நாடகம் அரங்கேறியது 1953-இல், கம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்தில் இருந்தபோது. 1956-இல் மில்லரையே நாடாளுமன்ற விசாரணைக் குழு அழைத்தது. பிறர் பெயர்களைச் சொல்ல அவர் மறுத்தார். காலனிக் காலத்து வரலாற்றுப் பாடத்தோடு இந்நாடகத்தைப் படிக்கும் மாணவர், சேலத்தில் நடந்ததன் வேர் ஒரு காதல் பகை என்றே மனத்தில் பதித்துக்கொள்வார். 1950-களின் வரலாற்றோடு படிப்பவர், சேலம் நீதிமன்றத்தின் எஞ்சியிருக்கும் விசாரணைப் பதிவுகளை அருகில் வைத்துக்கொண்டு, மில்லர் எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்று கேட்பார். வரலாறும் இலக்கியமும் உண்மையில் சந்திப்பது இந்தக் கேள்வியில்தான்.

தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. ‘பொன்னியின் செல்வ’னைப் படித்துவிட்டு நந்தினியைச் சோழர் வரலாற்றில் தேடுவோர் இன்றும் இருக்கிறார்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டில் உள்ளன. நந்தினி கல்கியின் படைப்பு. அந்த நாவல் விடுதலைக்குப் பிந்திய தமிழ்நாட்டின் மனநிலைக்கு நல்ல சான்று. பத்தாம் நூற்றாண்டுக்குச் சான்றாகாது.

இரண்டாவது சிக்கல் வயது. செவ்வியல் நூல்களைக் காலவரிசையில் வாசிக்கும் முறையை 1937-இல் மேரிலாந்தின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி தன் பாடத்திட்டமாகவே ஆக்கிக்கொண்டது. அங்கே கிரேக்க நூல்களோடு தொடங்குபவர்கள் கல்லூரி முதலாண்டு மாணவர்கள். அதே வரிசையை ஒன்பதாம் வகுப்புக்கு இறக்கும்போது ஹோமர், சோஃபக்ளீஸ், பிளேட்டோவின் ‘குடியரசு’, வெர்ஜில் எல்லாம் பதினான்கு வயதுப் பிள்ளையின் ஒரே ஆண்டில் குவிகின்றன. ‘இலியட்’ மட்டுமே பதினையாயிரம் அடிகளுக்கு மேல். மறுபுறம், அந்த வயதிலேயே எளிதாகப் படிக்கக்கூடிய ஆர்வெலின் ‘விலங்குப் பண்ணை’ (1945) நவீன காலத்தைச் சேர்ந்தது என்ற ஒரே காரணத்துக்காகப் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தள்ளிப்போகிறது. நீதி என்றால் என்ன என்ற பிளேட்டோவின் கேள்வி, வாக்குரிமை பெறப்போகும் பதினேழு வயதில்தான் சுடும்.

முன்னோரைப் படிக்காமல் பின்னோரை எப்படிப் புரிந்துகொள்வது என்று மறுதரப்பு கேட்கும். நியாயமான கேள்வி. தாந்தேவின் காவியத்தில் அவருக்கு வழிகாட்டியாக வருபவரே வெர்ஜில். மில்டனின் காவியமும் வெர்ஜில் வழிவந்ததுதான். ஆனால் இதற்கான விடை அந்தத் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. முதல் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் பண்டைக்காலக் கதைகளைக் கேட்டும் படித்தும் வந்த பிள்ளைக்கு டிராய் போரும் ஈனியஸின் பயணமும் தெரியும். தாந்தேவை நெருங்க அவ்வளவு அறிமுகம் போதும். வெர்ஜிலின் ‘ஈனியட்’ முழுவதையும் முன்கூட்டியே முடித்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே வரலாறு தன் காலவரிசையிலேயே போகட்டும். இலக்கியம் நடை, வடிவம், வாசிப்பவரின் முதிர்ச்சி ஆகியவற்றைப் பார்த்து நகரட்டும். ஒன்பதில் ‘ஒடிசி’ ஒன்றை மட்டும் அவசரமில்லாமல் படித்துவிட்டு, கூடவே ‘விலங்குப் பண்ணை’, ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ போன்ற தெளிந்த உரைநடை, பத்தில் ஷேக்ஸ்பியர், பன்னிரண்டில் பிளேட்டோ, தாந்தே. பல பள்ளிகளில் அமெரிக்க வரலாறும் அமெரிக்க இலக்கியமும் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தே வருகின்றன; வீட்டிலும் அந்த ஓராண்டில் இரண்டையும் நெருக்கமாக இணைக்கலாம். அப்போதும் ஹாதார்னின் ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ 1640-களின் பாடத்தோடு வரக்கூடாது. அது வெளிவந்த 1850-ஐப் படிக்கையில் வரவேண்டும். சேலம் வழக்கு நீதிபதிகளுள் ஒருவரின் வழித்தோன்றலான ஹாதார்ன் தன் முன்னோரை எப்படிப் பார்த்தார் என்பது அங்கேதான் துலங்கும். ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-இல் வெளியிட்ட தன்வரலாற்றுக்கு இந்தத் தயக்கமே தேவையில்லை; அடிமையாக வாழ்ந்தவரே எழுதிய அந்நூல் ஒரே நேரத்தில் ஆவணமும் இலக்கியமும் ஆகும்.

கல்லூரிச் சேர்க்கையைப் பற்றிப் பெற்றோர் அஞ்சத் தேவையில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பாட நிபந்தனைகளையே எடுத்துக்கொள்வோம்: நான்கு ஆண்டு ஆங்கிலம், இரண்டு ஆண்டு வரலாறு அல்லது சமூக அறிவியல். இரண்டும் ஒரே காலகட்டத்தைச் சேர்ந்திருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. அடுத்த ஆண்டுக்கான நூல் பட்டியலைத் தயாரிக்கும் பெற்றோர், ஒவ்வொரு நூலின் பக்கத்திலும் கதை நடக்கும் ஆண்டையும் எழுதப்பட்ட ஆண்டையும் தனித்தனியே குறித்துவிட்டு, அதன் பிறகே அதற்கான வகுப்பை முடிவு செய்ய வேண்டும்.