பதுளையில் மணி என்ன?

இருள் பிரியுமுன் லயங்களின் ஓரத்தில் தப்பு முழங்கும். பெரட்டுக்கு அழைப்பு அது. ஊவா மலைத் தோட்டங்களில் பல தலைமுறைகளுக்கு நேரம் என்பது அந்தத் தப்பொலியாகவே இருந்தது. கடிகாரம் துரையிடம் இருந்தது. அது முந்தியதா பிந்தியதா என்றறிய, லயத்தில் வாழ்ந்தவர்க்குச் சேவலும் விடிவெள்ளியுமன்றி வேறு சான்றில்லை.

துரையின் கடிகாரத்துக்குத்தான் சான்று எது? பதுளையில் சூரியன் உச்சிக்கு வருவது கொழும்புக்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம் முன்னதாகும். ஆயினும் ஊருக்கொரு நேரம் வைத்துப் புகைவண்டி ஓட்ட இயலாது. கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்திய ஒரே நேரம் 1906 ஜனவரி முதலாந் திகதி தீவுக்கு வந்தது. 1924இல் பதுளைக்கு இருப்புப்பாதை வந்தபோது, நிலையக் கடிகாரமும் அதே நேரத்தையே காட்டிற்று. பின்னர் வானொலியின் மணிக்குறி அந்நேரத்தை வீட்டுக்குள்ளேயே கொணர்ந்தது.

இன்று பதுளையில் லினக்ஸ் இயங்கும் கணினியொன்று, எவரும் முள்ளைத் திருப்பாமலே, இணையத்தினூடாகத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது. இம்முறையை வகுத்தவர் டேவிட் மில்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர். 1985இல் அது எழுத்தில் வெளிவந்தது. வானொலிக் குறியைப் போல இது ஒருவழிச் செய்தியன்று. கணினி ஒரு வினாவை அனுப்பி, அனுப்பிய நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. தொலைவிலுள்ள நேரவழங்கி அது வந்த நேரத்தையும் விடை புறப்பட்ட நேரத்தையும் பொறித்தனுப்புகிறது. விடை சேர்ந்த நேரத்தைக் கணினி மீண்டும் குறிக்கிறது. இந்நான்கிலிருந்து வழிப்பயணத்தின் தாமதம் புலனாகும். அதில் பாதி போக, பாதி வர என்று கொள்ளப்படும். போகும் வழியும் வரும் வழியும் சமமல்லவெனில், அவ்வேற்றுமையில் பாதி பிழையாக எஞ்சும். சிறு பிழை கண்டால் கணினி நேரத்தைப் பின்னுக்கு இழுப்பதில்லை. கடிகாரத்தின் நடையை மெல்லத் தளர்த்தியோ விரைவுபடுத்தியோ சரிசெய்கிறது. பத்து மணிக்கு எழுதிய கணக்கின்மேல் ஒன்பதே முக்கால் என்று மீண்டும் எழுத நேர்ந்தால், எது முன், எது பின் என்று யார் சொல்வது?

ஆனால் இவ்வாறு வருவது உலகப் பொதுநேரம் மட்டுமே. அதனோடு எத்தனை மணியைக் கூட்டுவது என்பது விண்மீன்களைக் கேட்டறியும் செய்தியன்று, அரசு ஆணையிடுவது. 1996இல் மழை பொய்த்து மின்சாரம் தட்டுப்பட்டது. மே 25இல் அரசு கடிகாரங்களை ஒரு மணி முன்னே தள்ளிற்று. பதுளையில் சூரியோதயம் ஆறே முக்கால் மணிக்கு என்றாயிற்று. காலை ஆறு மணி என்றால் கும்மிருட்டு; மலைப்பாதையில் பள்ளிக்கு நடந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அக்டோபரில் அரைமணி குறைத்தார்கள். வடக்கில் புலிகளின் ஆளுகையிலிருந்த பகுதிகள் இம்மாற்றத்தை ஏற்காமையால், ஒரே தீவில் இரண்டு நேரம் நடந்தது. 2006 ஏப்ரல் 15இல் பழைய ஐந்தரை மணியே மீண்டது.

இம்மாற்றங்களெல்லாம் கணினிக்குள் ஓர் அட்டவணையில் பதிவாகியுள்ளன. நேரவழங்கி எவ்வளவு துல்லியமாயினும், அட்டவணை பழையதாயின் திரையில் மணி பிழைக்கும். அதில் பதுளை என்ற பெயர் இல்லை. 'ஆசியா, கொழும்பு' என்பதையே தேர்தல் வேண்டும். தேர்ந்தபின் 1900ஆம் ஆண்டின் ஒரு நாளைக் கேட்டால், கிரீனிச்சுக்கு 5 மணி 19 நிமிடம் 32 விநாடி முந்திய நேரத்தை அது காட்டும்.