ஒற்றை ஓட்டமும் சோம்பல் குலமும்

ஏரோட்ரோமில் இருக்கும் அதே 'ட்ரோம்' ஒற்றைத் திமில் ஒட்டகத்தின் பெயரான ட்ரோமெடரியிலும் உண்டு. கிரேக்க மொழியில் 'ட்ரோமோஸ்' என்றால் ஓட்டம். ஓடுகிற தடத்துக்கும் அதுவே பெயர். குதிரைகள் ஓடிய திடல் ஹிப்போட்ரோம். நோய்க்குறிகள் கூட்டமாக ஓடிவந்தால் சின்ட்ரோம். இதன் முன்னால் 'தனி' என்று பொருள்படும் 'மோனோஸ்' சேர்ந்து பிறந்தது மோனோட்ரமி, அதாவது ஒற்றை ஓட்டம். ஆனால் இன்றைய வடிவியலாளர் ஒருவர் "இங்கே மோனோட்ரமி இருக்கிறது" என்றால், ஓட்டம் அங்கே ஒற்றையாக இல்லை என்றுதான் அர்த்தம். சொல் எப்படித் தலைகீழாகப் புரண்டது?

கலப்பெண் தளத்தில் 1 என்ற இடத்தில் நில்லுங்கள். கையில் அதன் வர்க்கமூலமாக 1-ஐ வைத்துக்கொள்ளுங்கள். பூச்சியத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடந்து, வழியெல்லாம் வர்க்கமூலத்தையும் விடாமல் தொடர்ந்து மாற்றிக்கொண்டே வாருங்கள். எண் 360 பாகை திரும்பும்போது அதன் மூலம் பாதிதான், 180 பாகைதான், திரும்பும். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவீர்கள். கையில் இருப்பது −1. பிரெஞ்சுக் கணிதர் விக்டர் புய்ஸோ 1850-இல் இயற்கணிதச் சார்புகளை இப்படித்தான் ஆராய்ந்தார்: ஒரு புள்ளியைச் சுற்றி வந்தால் மூலங்கள் எப்படி இடம் மாறிக்கொள்கின்றன? அவருக்கு மூத்தவரான கோஷி, இந்தத் தொல்லை இல்லாத நல்ல சார்புகளுக்கு 'மோனோட்ரோம்' என்று பெயர் சூட்டினார். எந்தப் பாதையில் போய் வந்தாலும் அதே மதிப்பைத் தருபவை அவை. அங்கே பெயரும் பொருளும் பொருந்தியே இருந்தன.

புரட்டல் அடுத்த கட்டத்தில் நடந்தது. ஒரு சார்பு மோனோட்ரோமா இல்லையா என்று சோதிக்க, சுற்றி வரும்போது நேரும் மாற்றங்களை எல்லாம் திரட்ட வேண்டும். அந்த மாற்றங்கள் சேர்ந்து ஒரு குலம் ஆகின்றன. பாடநூல்கள் குலம் என்கிற அதே பொருளில்தான் சொல்கிறேன். கமீல் ஜோர்தான் 1870-இல் வெளியிட்ட பெருநூலில் அதை மோனோட்ரமிக் குலம் என்றே அழைத்தார். கேள்வியின் பெயர் பதிலுக்கு ஒட்டிக்கொண்டது. ஒற்றைமதிப்புச் சார்பைக் குறிக்கப் பிரெஞ்சுக்காரர்கள் பின்னால் 'யூனிஃபோர்ம்' என்ற சொல்லுக்கு மாறிவிட்டார்கள். பெயரடை வழக்கொழிந்தது, பெயர்ச்சொல் தங்கிவிட்டது. பழைய பொருள் இன்றும் உயிரோடிருப்பது மோனோட்ரமித் தேற்றம் என்ற பெயரில் மட்டும்தான் என்று நினைக்கிறேன்: துளையில்லாத பரப்பில் பகுமுறைத் தொடர்ச்சி ஒற்றை மதிப்பே தரும் என்கிறது அது.

ஜோர்தான் அதே நூலில் இன்னொரு குலத்தையும், கலுவாக் குலத்தை, பக்கத்தில் வைத்தார். ஒரு மாறியின் கனமூலத்தை எடுங்கள். பூச்சியத்தைச் சுற்றினால் மூன்று மூலங்களும் சக்கரமாக இடம் மாறும். மோனோட்ரமிக் குலத்தில் 3 உறுப்புகள். ஆனால் விகிதமுறு எண்களை மட்டும் மாறிலிகளாக அனுமதித்தால் கலுவாக் குலத்தில் 6 உறுப்புகள் வரும். எவ்வளவு சுற்றினாலும் கிடைக்காத மிச்ச மூன்று, 1-இன் கனமூலங்களில் 1 தவிர்ந்தவை விகிதமுறு எண்களாக இல்லாததால் வருபவை. முதல் குலம் இரண்டாவதற்குள் நேர்மை உட்குலமாக அமரும். வடிவியல் ஒரு பக்கம், எண்கணிதம் மறுபக்கம்: பின்னால் நூறு ஆண்டு நீண்ட கதையின் எலும்புக்கூடு இங்கேயே தெரிகிறது.

எண்கணிதத்தின் பக்கத்தில், சுற்றி நடக்க இடமே கிடையாது. 5 என்ற பகா எண்ணை எப்படி வலம் வருவது? அங்கே வட்டத்தின் வேலையைச் செய்வது இன்னொரு குலம். கணிதர் ஹில்பர்ட் 1894-இல் அதற்கு இட்ட ஜெர்மன் பெயரின் முன்பாதி 'ட்ரேக்ஹைட்'. நம் இயற்பியல் பாடத்தில் நிலைமம். ஜெர்மானியர் வீட்டுப் பேச்சில் சோம்பல். பகா எண்ணால் வகுத்து மீதியை மட்டும் பார்த்தால் எதையும் அசைக்காத உருமாற்றங்கள்தான் அதன் உறுப்புகள். அதனால் சோம்பல் குலம், பாட மொழியில் நிலைமக் குலம். பெயர் வைப்பதில் என் வாக்கு ஹில்பர்ட்டுக்குத்தான்.

ஓடுகிறவனும் சோம்பேறியும் ஒருவனே என்பதைத் தெளிவாக்கியவர் கணிதர் குரோத்தண்டீக். பாரிஸை அடுத்த பூர்-சூர்-ஈவெத்தில் 1967 முதல் 1969 வரை நடந்த அவருடைய கருத்தரங்கின் தலைப்பிலேயே மோனோட்ரமிக் குலங்கள் இருந்தன. ஒழுங்கு குலையும் ஒரு புள்ளியை நெருங்கிச் சுற்றுவதே உள்ளூர் மோனோட்ரமி. பகா எண்ணுக்கு அருகே அதே வேலையை நிலைமக் குலம் செய்கிறது. அவருடைய நிறுவல் வியக்கத்தக்க அளவு சிறியது. மீதிகளின் களத்தில் 5 உறுப்புகள் என்போம். ஒரு சுற்றில் நேரும் மாற்றத்தை அணியாக எழுதி, மீதிகளை ஐந்தாம் படிக்கு உயர்த்தும் பிரோபீனியஸ் உருமாற்றத்தாலும் அதன் நேர்மாறாலும் இருபுறமும் அணைத்தால், அந்த மோனோட்ரமி அணி தன் ஐந்தாம் படியாக மாறுகிறது. இந்த அணைப்பில் ஐகன் மதிப்புகள் மாறுவதில்லை. ஆகவே அவற்றின் முடிவுள்ள கணம், ஒவ்வொன்றையும் ஐந்தாம் படிக்கு உயர்த்தினாலும் அப்படியே நிற்க வேண்டும். 1-இன் படிமூலங்களுக்கு மட்டுமே அது முடியும். அணியைத் தக்க அளவு முறை பெருக்கினால், ஐகன் மதிப்பெல்லாம் 1 ஆகிவிடும்.

ஐகன் மதிப்பு 1 என்பதால் அணி சும்மா இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. மடக்கைச் சார்பை நினைத்துப் பாருங்கள்: சுழல் படிக்கட்டில் ஒரு சுற்று ஏறினால் தூணுக்கு அதே பக்கம்தான் நிற்போம், ஆனால் ஒரு மாடி மேலே. எத்தனை முறை சுற்றினாலும் கீழ்த்தளம் திரும்ப வராது. பகா எண்ணில் மீதம் எடுக்கையில் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் நீள்வட்ட வளைவரையில் நிகழ்வது இதுவே. மீதம் எடுத்தபின்னும் வளைவரை வழவழப்பாக நின்றால், நிலைமக் குலம் எதையுமே செய்யாது. கோஷி சொன்ன பொருளிலேயே அது மோனோட்ரோம். அதன் மறுதலையும் உண்மை என்பது நேரோன், ஓக், ஷஃபரேவிச் ஆகியோர் பெயரால் வழங்கும் அளவுகோல். 1968-இல் செர்ரும் டேட்டும் எழுதிய கட்டுரையில் அது முழு உருவம் பெற்றது.

குரோத்தண்டீக்கின் வாதத்துக்கு ஓர் ஓட்டை உண்டு. அணியின் உறுப்புகளை எந்தப் பகா எண்ணின் அடிக் எண்களாக (அதன் படிகளால் வகுபடுவதை வைத்து நெருக்கத்தை அளக்கும் எண்களாக) எடுக்கிறோமோ, அது நாம் சுற்றுகிற பகா எண்ணாகவே இருந்தால் நிறுவல் சரிந்துவிடும். அங்கே கணிதர்கள் அணியை விட்டுவிட்டு வகைக்கெழுச் சமன்பாடுகளிடம் போனார்கள். பி-அடிக் உள்ளூர் மோனோட்ரமித் தேற்றத்தை 2000களின் தொடக்கத்தில் ஆந்த்ரே, கெட்லயா, மெப்குத் மூவரும் தனித்தனியே நிறுவினர்.