ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும்

மனிதர்களிடம் இரக்கம் குறைந்துவிட்டது என்று இப்போது எங்கே பார்த்தாலும் பேச்சு. பழியை டிவி மீதும் செல்போன் மீதும் போட்டுவிடுகிறார்கள். இவை எதுவுமே இல்லாத காலத்தில், இரக்கத்தை "வீண் செலவு" என்று கணக்கில் எழுதி வைத்த கதை ஒன்று உண்டு. 1876-78ல் தென்னிந்தியாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின் கதைதான் அது.

கதை தொடங்குவது பீகாரில். 1873-74ல் அங்கே மழை பொய்த்தது. நிவாரணப் பணியைக் கவனித்தவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். பர்மாவிலிருந்து சுமார் நாலரை லட்சம் டன் அரிசி வந்து இறங்கியது. பட்டினிச் சாவு மிக மிகக் குறைவு. பாராட்டு கிடைத்திருக்க வேண்டும் அல்லவா? கிடைத்தது திட்டுதான்! இவ்வளவு பணத்தை வாரி இறைக்கலாமா என்று லண்டன் எகனாமிஸ்ட் பத்திரிகை வரை சாடினார்கள். "ஊதாரி" என்ற பெயர் அவர் மேல் ஒட்டிக்கொண்டது.

மூன்றே வருடம். சென்னை மாகாணத்தில் பஞ்சம். 1877 ஜனவரி 1 அன்று விக்டோரியாவைப் பேரரசி என்று அறிவிக்க டெல்லியில் தர்பார் நடத்திய வைஸ்ராய் லிட்டன், செலவைக் குறைக்கச் சொல்லி இங்கே அனுப்பி வைத்தது யாரைத் தெரியுமா? அதே டெம்பிளைத்தான். இந்த முறை அவர் கெட்ட பெயர் வாங்கத் தயாராக இல்லை. நிவாரண வேலையில் மண் வெட்டும் ஆணுக்கு ஒரு நாள் கூலி, ஒரு ராத்தல் தானியம் வாங்கும் காசு, மேற்கொண்டு கொஞ்சம் சில்லறைக் காசு. ராத்தல் என்றால் சுமார் 450 கிராம். வெயிலில் நாள் முழுக்க உழைக்கிறவனுக்கு!

டெம்பிள் கல்நெஞ்சக்காரராகப் பிறக்கவில்லை என்பதற்கு பீகாரே சாட்சி. இரக்கப்பட்டதற்குத் தண்டனை கிடைத்தது, அவர் பாடம் கற்றுக்கொண்டார். விலை போனது மற்றவர்களின் உயிர்.

எதிர்த்துக் குரல் கொடுத்தவர் மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். பணத்தை எண்ணாமல் உடம்புகளைப் பார்த்தவர் அவர். சிறைக் கைதிக்குக் கூட இதைவிட அதிக உணவு கிடைக்கிறது என்று எடுத்துக் காட்டி எழுதினார், விடாமல் எழுதினார். 1877 மே மாதம் கூலி உயர்ந்தது. அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். பஞ்சம் முடிவதற்குள் பலியானவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு.

அந்த ஆகஸ்டில் சென்னையில் ஒரு கூட்டம் கூடி, நிதி கேட்டு லண்டனுக்கு வேண்டுகோள் அனுப்பியது. வைஸ்ராய்க்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் லண்டன் மேயர் நிதி திரட்டினார். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று முகம் தெரியாதவர்களிடமிருந்து 6 லட்சம் பவுண்டுக்கும் மேல் சேர்ந்தது. அரசாங்கம் பஞ்சக் கமிஷன் போட்டு, நிவாரணத்துக்கு விதிமுறைகள் எழுதியதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அந்த நிதியைச் செலவழித்த விதம்தான் கவனிக்க வேண்டியது. வெறும் கஞ்சி ஊற்றுவதோடு நிறுத்தவில்லை. மழை வந்ததும், எல்லாவற்றையும் விற்றுத் தின்றிருந்த குடியானவர்களுக்கு விதை நெல் வாங்கவும், உழவு மாடு வாங்கவும், பிரித்து விற்ற கூரையை மறுபடி வேயவும் அதிலிருந்து பணம் கொடுத்தார்கள்.